பிஎம்டபிள்யூ இ30 325ஐ: பழைய ஆறு சிலிண்டர் செடானைச் சர்வீஸ் செய்வதும் பழுது நீக்குவதும்

பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் இ30 வரிசை 1982-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. எல்லா வகைகளையும் சேர்த்து 23 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் உற்பத்தியான அந்த வரிசையில், 1985 முதல் விற்பனைக்கு வந்த 325ஐ என்னும் ஆறு சிலிண்டர் கார்தான் இந்த வழிகாட்டியின் பொருள். மியூனிக்கிலும் பின்னர் ரெகன்ஸ்பர்க்கிலும் உருவான இந்த நான்கு கதவு செடானில் 2494 சிசி கொள்ளளவுள்ள எம்20 எஞ்சின் இருக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வகையில் அது 170 குதிரைத்திறன் தருகிறது. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது செயின் அல்ல, ரப்பரால் ஆன டைமிங் பெல்ட். இந்த மூன்று செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தக் காரில் எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தானாகவே புலப்படும்.

இத்தனை ஆண்டுகள் ஆன காரை ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை வைத்து மதிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைவாக ஓடி, நெடுங்காலம் கொட்டகையில் நின்ற காரில்தான் பெல்ட்டும் ஹோஸ்களும், இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் இறுகிப்போயிருக்கும். நாள்தோறும் ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட காரோ, ஓட்டம் இரு மடங்காக இருந்தாலும், பல வேளைகளில் அதைவிட நல்ல நிலையில் இருக்கும். எனவே காரை வாங்கியவுடன் புதிய சக்கரங்களுக்கும் தாழ்வான ஸ்பிரிங்குகளுக்கும் பணம் செலவிடுவதற்கு முன்னால், முதுமையால் கெடும் ரப்பரையும் குளிர்விக்கும் நீர் ஓடும் பாதையையும் சரிசெய்வதே முறை.

டைமிங் பெல்ட்

எம்20 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் திறந்திருக்கும் வால்வுகளில் மோதும். வால்வுகள் வளையும், அவற்றை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் உடையும், ஹெட்டைக் கழற்றாமல் மீள வழியில்லை. பெல்ட்டின் ஆயுள் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் அல்லது நான்கைந்து ஆண்டுகள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. முந்தைய உரிமையாளர் "அண்மையில் மாற்றியாயிற்று" என்று சொல்லி, அதற்கான பில்லைக் காட்ட முடியாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பெல்ட், அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகிய நான்கையும் ஒரே வேலையாக எண்ணி ஒன்றாக வாங்குங்கள். வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் சுழற்றுவதில்லை, வெளியே உள்ள வி-பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆயினும் டென்ஷனரின் ஸ்பிரிங் பம்ப்பை ஒட்டியே அமர்ந்திருப்பதாலும், பம்ப் கசிந்தால் கூலன்ட் நேராகப் பெல்ட்டின் மேல் வடியும் என்பதாலும், இவற்றைத் தனித்தனியாக மாற்றுவதில் எந்த மிச்சமும் இல்லை. கிராங்க் ஷாஃப்ட், இடைநிலை ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் ஆகியவற்றின் முன்பக்க ஆயில் சீல்களில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அவற்றையும் இப்போதே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் எண்ணெயில் ஊறிய பெல்ட்டுக்கு ஆயுள் கிடையாது. பெல்ட்டும் டென்ஷனரும் முற்காலத்தில் ஒரு வகையாகவும் பிற்காலத்தில் வேறு வகையாகவும் வந்தன. பிற்கால வகைக்கு இசட்127 என்ற குறியீடு உண்டு. பழைய டென்ஷனருடன் புதிய வகைப் பெல்ட்டைக் கலந்து பொருத்தக் கூடாது.

வேலையை முழுவதும் குளிர்ந்த எஞ்சினில் தொடங்குங்கள். 325ஐயில் பேட்டரி பெரும்பாலும் டிக்கியின் வலப்புறத்தில் இருக்கும். அதன் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். கூலன்ட்டை வடித்த பிறகு ஃபேனைக் கழற்ற வேண்டும். ஃபேன் கிளட்ச்சைப் பிடித்திருக்கும் 32 மி.மீ. நட்டு இடப்புரி கொண்டது என்பதால், முன்னால் நின்று பார்க்கையில் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் எதிர்த்திசையில் பலம் கொடுப்பவர்கள் பம்ப் ஷாஃப்ட்டையே கெடுத்துவிடுகிறார்கள். ரேடியேட்டரைக் கழற்றாமலும் வேலையைச் செய்ய முடியும். ஆனால் கழற்றுவதற்கு ஆகும் சிறிது நேரம், பின்னர் கைக்குக் கிடைக்கும் இடத்தால் ஈடாகிவிடும், ரேடியேட்டர் இழைகளில் ஸ்பேனர் இடித்து ஓட்டை விழும் அபாயமும் நீங்கும்.

வி-பெல்ட்கள், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், அதன் பின்னுள்ள தூசித் தடுப்பு ஆகியவற்றை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது எளிதாகும். கிராங்க் ஷாஃப்ட்டின் நடு போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, கடிகாரச் சுற்றில் மட்டும் மெதுவாகத் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல் உச்ச நிலைக்குக் கொண்டுவாருங்கள். கேம் புல்லியில் உள்ள அம்புக்குறி ஹெட்டில் பொறிக்கப்பட்ட கோட்டுக்கு நேராகவும், கிராங்க் பக்கத்துக் குறி முன்மூடியில் உள்ள குறிக்கு நேராகவும் நிற்க வேண்டும். இடைநிலைப் புல்லி ஆயில் பம்ப்பை மட்டுமே இயக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்ட்டின் முனையிலேயே இருப்பதால், இடைநிலைப் புல்லி எந்த நிலையில் நின்றாலும் கவலை இல்லை. நடு போல்ட்டை அவிழ்க்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது 410 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் உள்ளது; அதிர்வைத் தணிக்கும் டேம்பரைப் பிடித்திருக்கும் ஆறு சிறிய போல்ட்களை மட்டும் எடுத்தால், புதிய பெல்ட்டை ஹப்பின் மேல் வளைத்து உள்ளே நுழைத்துவிடலாம்.

டென்ஷனரின் இரண்டு போல்ட்களையும் தளர்த்தி, உருளையை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளி, அந்த நிலையில் ஒரு போல்ட்டை இறுக்கிப் பழைய பெல்ட்டைக் கழற்றுங்கள். புதிய டென்ஷனரைப் பொருத்தும்போது ஸ்பிரிங்கும் அதன் ஊசியும் தத்தம் குழியில் சரியாக அமர்ந்துள்ளனவா என்று கண்ணால் மட்டுமல்லாமல் விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசி சற்றுச் சாய்ந்திருந்தாலும் டென்ஷனர் பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் பெல்ட் இறுக்கமாகவே தெரியும், ஆனால் எஞ்சின் சூடேறிய பிறகு தொய்ந்து பற்கள் தாவும். உருளையைத் தள்ளிவிட்டால் அது தடையின்றித் தானாகத் திரும்பி வர வேண்டும்.

பெல்ட்டைக் கிராங்க் புல்லியில் தொடங்கி, இடைநிலைப் புல்லி, கேம் புல்லி என்ற வரிசையில் தொய்வில்லாமல் ஏற்றி, மிஞ்சும் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வருமாறு கடைசியாக உருளையின் மேல் நழுவவிடுங்கள். பிறகு டென்ஷனர் போல்ட்களைத் தளர்த்தி ஸ்பிரிங்கின் விசையிலேயே பெல்ட் இறுகும்படி விட்டு, கிராங்க்கைக் கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்றுகள் திருப்பி, குறிகள் மீண்டும் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளி நின்றால் பெல்ட்டைக் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும். கேம் புல்லியைப் பிடித்து எஞ்சினைத் திருப்பக் கூடாது. எதிர்த்திசையிலும் திருப்பக் கூடாது. குறிகள் பொருந்திய பின் டென்ஷனர் போல்ட்களை 22 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கம்பியைக் கொண்டு பெல்ட்டை மேலும் நெம்பி இறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அது பெல்ட்டுக்கும் உருளையின் பேரிங்குக்கும் கேடு. தேவையான இழுவிசையை ஸ்பிரிங்கே கொடுத்துவிடும்.

கூலன்ட்டும் காற்றும்

அலுமினிய ஹெட் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வளையலாம், விரிசலும் விடலாம். இந்த எஞ்சினில் அப்படிச் சூடேறுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது, உள்ளே சிக்கிய காற்றுதான். 325ஐக்கு ஏறத்தாழ 10.5 லிட்டர் கலவை தேவை. பாஸ்பேட் இல்லாத கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்துகொள்ளுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, சாவியை இக்னிஷன் நிலையில் திருப்பி, காரின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, தெர்மோஸ்டாட் மூடியின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். அந்தத் துளையில் முதலில் நுரையும் குமிழிகளும் வரும். பிறகு நின்று நின்று வழியும். குமிழி ஒன்றுகூட இல்லாமல் சீராக வழியத் தொடங்கியதும் திருகை மூடலாம். அதை மென்மையாகவே இறுக்க வேண்டும், பலம் கொடுத்தால் உடைந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, முழுவதும் குளிரவிட்டு, இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது, ஆனால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் காரைச் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து காலப்போக்கில் மொறுமொறுப்பாகி, மேல் ஹோஸைக் கழற்றும்போது கையோடு வந்துவிடும். அதன் நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தால் புதிய ரேடியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் சிறு ஹோஸ்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெளியே தெரியும் பெரிய ஹோஸ்கள் புதியனவாக இருக்க, கண்ணில் படாத அந்தச் சிறு ஹோஸ்தான் ஒருநாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

டேப்பெட்டும் ஹெட் போல்ட்களும்

எம்20 எஞ்சினில் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள டேப்பெட் இடைவெளியைக் கையால் வைக்க வேண்டும். கூலன்ட் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மி.மீ. ராக்கரின் முனையில் துளையுள்ள ஒரு சிறு வட்டு இருக்கும். அது மையம் விலகிச் சுழல்வதால் அதைத் திருப்பினால் இடைவெளி கூடும் அல்லது குறையும். 10 மி.மீ. ஸ்பேனரால் பக்கத்திலுள்ள நட்டைத் தளர்த்தி, முனை வளைத்த கம்பியைத் துளையில் விட்டு வட்டைத் திருப்பி, ஃபீலர் கேஜ் மெல்லிய உராய்வோடு நகரும் இடத்தில் நிறுத்தி, கம்பியைப் பிடித்தபடியே நட்டை 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இறுக்கும்போது வட்டு சற்று நகர்ந்துவிடுவது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடியும் கேஜை விட்டுப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது.

எரியும் வரிசை 1-5-3-6-2-4. ஆறாம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒரே நேரத்தில் அசையும் தறுவாயில் முதல் சிலிண்டரின் டேப்பெட்டை வைக்கலாம். அதேபோல இரண்டாவது அசையும்போது ஐந்தாவதையும், நான்காவது அசையும்போது மூன்றாவதையும், முதலாவது அசையும்போது ஆறாவதையும், ஐந்தாவது அசையும்போது இரண்டாவதையும், மூன்றாவது அசையும்போது நான்காவதையும் வைக்கலாம். சத்தம் அடங்க வேண்டும் என்பதற்காக இடைவெளியைக் குறைத்து வைக்கும் பழக்கம் ஆபத்தானது. இடைவெளி கூடினால் டிக்-டிக் என்ற ஒலி மட்டுமே கேட்கும். குறைந்தாலோ எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல், இருக்கையில் தன் சூட்டை இறக்கிவைக்க முடியாமல் எரிந்துபோகும்.

வால்வு மூடியைத் திறந்திருக்கும் இந்த வேளையில் ஹெட் போல்ட்களையும் பாருங்கள். தலை அறுகோணமாக இருந்தால் அவை பழைய வகை. அவற்றின் தலை முறிந்து ராக்கர்களுக்கிடையே விழுந்து பெருஞ்சேதம் விளைவித்ததுண்டு. அதனால்தான் பின்னாளில் டார்க்ஸ் எனப்படும் நட்சத்திர வடிவத் தலை போல்ட்கள் வந்தன. ஹெட்டைக் கழற்றாமலேயே, இறுக்கும் வரிசையைப் பின்பற்றி, ஒரு போல்ட்டை எடுத்து அதன் இடத்தில் புதியதைப் போட்டு இறுக்கிய பின் அடுத்ததை எடுப்பது என்ற முறையில் அனைத்தையும் மாற்றலாம். டார்க்ஸ் போல்ட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர், அதன் பின் 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி. எஞ்சின் வேலைகளில் செலவுக்கு மிகுந்த பயன் தருவது இதுவே என்று கருதுகிறேன்.

கிளம்பாத எஞ்சின், சீரற்ற ஐடில்

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் கிளம்பவில்லை என்றால் மின்பொறி, எரிபொருள் என இரண்டில் எது இல்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒருசேர இல்லாவிட்டால் மெயின் ரிலேயையும் கிராங்க் சென்சாரையும் பார்க்க வேண்டும். 1987-இன் இறுதிக்குப் பிந்தைய கார்களில் உள்ள, எஞ்சினைக் கம்ப்யூட்டரால் கட்டுப்படுத்தும் போஷ் மோட்ரானிக் 1.3 அமைப்பில், முன்புறப் புல்லியின் பல்சக்கரத்துக்கு எதிரே ஒரே ஒரு சென்சார் உண்டு. அதன் மின்தடை ஏறத்தாழ 540 ஓம், பல்லுக்கும் அதற்கும் இடையே 1 மி.மீ. அளவு இடைவெளி. குளிர்ந்திருக்கையில் சரியான அளவைக் காட்டிவிட்டுச் சூடேறியதும் சென்சார் துண்டிக்கப்படுவதுண்டு என்பதால், எஞ்சின் நின்றுபோன உடனேயே அளந்து பார்ப்பதுதான் உறுதியான சோதனை. எரிபொருள் அழுத்தம் 3 பார் இருக்க வேண்டும். அதை அளக்கும்போதே, எரிபொருளை இன்ஜெக்டர்களுக்குப் பகிரும் ரெயிலுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் வெடிப்பு தென்பட்டால், அன்றைக்கே மாற்றாமல் காரை எடுக்கக் கூடாது.

ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம், 760 ஆர்பிஎம்-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம். காற்றளவு மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே விரிசல் அகப்படும். வெளியிலிருந்து பார்க்கையில் தெரியாத பிளவு, எஞ்சின் அசையும்போது வாய் திறக்கும். அது நன்றாக இருந்தால் ஐடில் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, கிளீனர் தெளித்து, உள்ளிருக்கும் மடல் தாராளமாக ஆடும்வரை கழுவுங்கள்.

டேகோமீட்டர் முள் தாறுமாறாகத் துள்ளுவதும், டெம்பரேச்சர் முள் பொய் சொல்வதும், சர்வீஸ் விளக்குகள் அணைய மறுப்பதும் ஒன்றாக நேர்ந்தால், கோளாறு மீட்டர் பெட்டிக்குள் உள்ள சர்வீஸ் பலகையில் இருக்கும். அதில் சாலிடர் செய்யப்பட்ட சிறு பேட்டரிகள் முதுமையில் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கின்றன. தடங்கள் அரிபடுவதற்கு முன்பே பேட்டரிகளை மாற்றினால் பலகை பிழைக்கும்.

காரின் அடிப்பகுதி

முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம்களின் பின் புஷ்கள் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க்தான் வளைந்துவிட்டது என்று எண்ணிப் பலரும் டிஸ்க்கை மாற்றிவிடுகிறார்கள். புதிய புஷ்ஷில் உள்ள அம்புக்குறியை ஆர்மில் உள்ள குறிக்கு நேராக வைத்து, எண்ணெயோ கிரீஸோ படாமல், சோப்பு நீரை மட்டும் பூசி உள்ளே தள்ளுங்கள். தள்ளிய உடனேயே காரைச் சக்கரங்களின் மேல் இறக்கி, அதன் இயல்பான உயரத்தில் அரை மணி நேரமாவது நிற்கவிட வேண்டும். தொங்கிய நிலையிலேயே சோப்பு உலர்ந்துவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையில் ஒட்டி, சில மாதங்களில் கிழிந்துபோகும். பின்பக்க டிரெயிலிங் ஆர்ம் போல்ட்களையும் இதே காரணத்தால் காரின் எடை சக்கரங்களில் ஊன்றிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும்.

கியர்பாக்ஸுக்குப் பின்னுள்ள ரப்பர் கப்ளிங்கில் போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். கப்ளிங்கில் பொறித்த அம்புகள் ஃபிளாஞ்சின் கைகளை நோக்க வேண்டும். போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன் இணைப்புகளில் பெயின்ட்டால் அடையாளமிட்டு, மீண்டும் பொருத்தும்போது நடு பேரிங்கை 4 முதல் 6 மி.மீ. வரை முன்னோக்கித் தள்ளிய நிலையில் இறுக்குங்கள். டிஃபரென்ஷியல் ஆயில் 1.7 லிட்டர், வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இடப்பக்க ஸ்டீயரிங் கார்களில் பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம் என்ற வரிசையில் காற்றை நீக்குங்கள். சக்கர போல்ட்களுக்கு 100 நியூட்டன் மீட்டர்.

துரு

இயந்திரத்தில் எதையும் மாற்றிவிடலாம், உடலைக் காப்பதுதான் கடினம். ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தகுதிச் சோதனையில் இந்தக் கார்களுக்கு முட்டுக்கட்டை போடுவது பெரும்பாலும் ஜாக் வைக்கும் இடங்களிலும், பின்பக்க பிரேக் பைப்புகளிலும் ஏறிய துருதான். முதல் பதிவு ஆகி 30 ஆண்டுகள் நிறைந்த கார்களுக்கு அங்கே வழங்கப்படும் எச் எழுத்துள்ள நம்பர் பிளேட்டைப் பெறவும், கார் நல்ல நிலையில், பெரும்பாலும் அசல் வடிவில் இருக்க வேண்டும். ஆகவே டிக்கியின் கம்பளத்தை எடுத்துப் பேட்டரித் தட்டின் அடியையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும், பின் விளக்குகளுக்குக் கீழுள்ள தகட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சன்ரூஃப் உள்ள காராக இருந்தால் அதைத் திறந்து, நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளில் ஒவ்வொன்றாகச் சிறிதளவு நீரை ஊற்றி, அது காருக்கு வெளியே தரையில் வந்து விழுகிறதா என்று சோதியுங்கள். வரவில்லை என்றால் துரு அரிக்காத, வளையும் தன்மையுள்ள மெல்லிய நைலான் இழையை உள்ளே விட்டு அடைப்பை நீக்க வேண்டும். காற்றழுத்தம் கொடுத்தால் கூரைத் துணிக்குள் குழாயின் இணைப்பு கழன்று, மழைநீர் முழுவதும் காருக்குள் இறங்கிவிடும்.